1,214 பவுண்டுக்கு ஓர் உரிமை: பிரிட்டனின் குழந்தைக் குடியுரிமைப் பதிவுச் சேவை குறித்து

எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகள். இருவரும் லண்டன் ஹாரோ பகுதிக்கு அருகே ஒரே மருத்துவமனையில், ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள். மூத்தவள் 2019 ஜூனில் பிறந்தாள். இளையவன் 2024 ஜூலையில் பிறந்தான். இளையவன் பிறந்த அந்த நொடியிலேயே பிரிட்டிஷ் குடிமகன். அதற்காக நாங்கள் ஒரு படிவமும் நிரப்பவில்லை, ஒரு பென்னியும் கட்டவில்லை. மூத்தவளோ அவனுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இந்த மண்ணில் பிறந்திருந்தும், 1,214 பவுண்டு கட்டி, ஐந்து மாதம் காத்திருந்து, தம்பி பிறந்த இரண்டு மாதங்களுக்குப் பிறகுதான் குடிமகள் ஆனாள். அவளுக்காக நாங்கள் பயன்படுத்திய பதிவுச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்து, இங்கே குழந்தை பெற்று, பிறகு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெறுகிற குடும்பங்கள் ஏராளமாக இருந்தும், இந்தச் சேவையைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் படித்ததில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில், எதை மதிப்பிடுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமையைப் பிறகு பெறுவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று நேச்சுரலைசேஷன்: வயது வந்தவர்கள் ஆங்கிலத் தகுதியைக் காட்டி, இந்நாட்டைப் பற்றிய லைஃப் இன் தி யூகே தேர்வும் எழுதி, விண்ணப்பித்து, விழாவில் உறுதிமொழி எடுத்துப் பெறுவது. மற்றொன்று ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது பதிவு. நம் மக்கள் பேச்சில் இரண்டையும் சேர்த்து 'சிட்டிசன்ஷிப் போடுவது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நேச்சுரலைசேஷனில் எல்லாத் தகுதிகளும் இருந்தாலும், தருவதா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் உள்துறை அமைச்சரிடம் இருக்கிறது. பதிவின் பல பிரிவுகளில் அந்த அதிகாரம் இல்லை. 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம், இன்ன நிலையில் உள்ள குழந்தை பதிவு பெற 'உரிமை உடையது' என்றே எழுதியிருக்கிறது. நிபந்தனைகள் நிறைவேறிவிட்டால் பதிவு செய்துதான் ஆக வேண்டும்.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1983 ஜனவரி 1 அன்று. அதற்கு முன்பு, வெளிநாட்டுத் தூதர்களின் குழந்தைகள் போன்ற சில விலக்குகள் தவிர, இந்த நாட்டில் பிறந்த குழந்தைகள் யாவரும் குடிமக்களாகவே பிறந்தார்கள். அதற்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு, பிறக்கும் நேரத்தில் தாயோ தந்தையோ பிரிட்டிஷ் குடிமகனாகவோ இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஐ.எல்.ஆர். என்றும் பேச்சுவழக்கில் பி.ஆர். என்றும் நாம் சொல்வது அந்த அனுமதியைத்தான். 2018 இறுதியில் வேலை விசாவில் வந்திறங்கிய எங்களுக்கு 2019இல் அது இல்லை. ஆகவே மகள் லண்டனில் பிறந்தும் இந்தியக் குடிமகளாகவே பிறந்தாள். அதுவும், வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்ற விதியை நினைவில் வைத்து, கைக்குழந்தையோடு இந்தியா ஹவுஸ் படியேறியதால்.

ஆனால் அதே சட்டம் ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. முதலாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, சுருக்கமாக 1(3), இந்நாட்டில் பிறந்த குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆவதற்குள் தாயோ தந்தையோ குடிமகனாகவோ ஐ.எல்.ஆர். பெற்றவராகவோ ஆகிவிட்டால், அந்தக் குழந்தை பதிவு பெற உரிமை உடையது என்கிறது. பெற்றோரில் ஒருவர் போதும், இருவரும் தேவையில்லை. குழந்தைக்கே ஐ.எல்.ஆர். இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நம்மவர்கள் பலரும் அறியாமல் இருக்கிறார்கள். அறியாததன் விலை சிறியதல்ல.

எங்களுக்கும் கிட்டத்தட்ட அந்த விலை விழுந்திருக்கும். 2024 தொடக்கத்தில் நானும் மனைவியும் ஐ.எல்.ஆருக்கு விண்ணப்பித்தோம். அப்போது ஒரு நபருக்கான கட்டணம் 2,885 பவுண்டு, குழந்தை என்றாலும் அதே தொகை. நாங்கள் அணுகிய ஆலோசகர் ஒருவர், பெயர் வேண்டாம், எங்கள் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூன்று பேருக்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள், குடும்பம் ஒரே நிலையில் இருப்பதுதான் நல்லது" என்றார். மூன்று பேருக்கு 8,655 பவுண்டு. மகள் எங்கே பிறந்தாள் என்று அவர் கேட்கவே இல்லை. பெயரையும் இந்திய பாஸ்போர்ட்டையும் பார்த்து இந்தியாவில் பிறந்தவள் என்று முடிவு செய்துகொண்டார் போலும். என் மனைவிதான் அன்றிரவு அரசின் இணையதளத்தில் சட்டப் பிரிவுகளைத் தேடி, மகளுக்கு ஐ.எல்.ஆரே தேவையில்லை, எங்களுக்குக் கிடைத்த மறுநாளே நேரடியாகக் குடியுரிமைப் பதிவுக்கு அனுப்பலாம் என்று கண்டுபிடித்தாள். ஐ.எல்.ஆர். எடுத்திருந்தால் அதற்கு 2,885 பவுண்டு கட்டி, பிறகு குடியுரிமைக்கு 1,214 பவுண்டு கட்டி, மொத்தம் 4,099 பவுண்டு ஆகியிருக்கும். நேரடியாகப் பதிவு செய்ததால் 1,214 பவுண்டோடு முடிந்தது. பலவீனமான நிலையை அதிக விலைக்கும் உறுதியான நிலையை அதில் பாதிக்கும் குறைவான விலைக்கும் விற்கிற இந்த விசித்திரத்துக்கு எனக்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை. ஐ.எல்.ஆர். உள்ளவர் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அந்த அனுமதி போய்விடும். குடியுரிமை அப்படிப் போவதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தக் கணக்கு இங்கே பிறந்த குழந்தைக்கு மட்டும் பொருந்தும். கோயம்புத்தூரில் பிறந்து, இரண்டு வயதில் பெற்றோரோடு வந்த நண்பரின் மகனுக்கு 1(3) கிடையாது. அவனைப் போன்றவர்கள் மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே 'உரிமை' என்ற சொல் இல்லை, உள்துறை அமைச்சர் தகுந்தது என்று கருதினால் பதிவு செய்யலாம் என்று மட்டுமே இருக்கிறது. பெற்றோரின் நிலை, குழந்தையின் நிலை, அதன் எதிர்காலம் இங்கேதானா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். அத்தகைய குழந்தைக்கு ஐ.எல்.ஆர். எடுக்கும் செலவு வீண் அல்ல. இரண்டு வகைக் குழந்தைகளுக்கும் எம்.என். 1 என்ற ஒரே பெயருள்ள விண்ணப்பம்தான் என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் எழுகிறது.

பெற்றோர் ஐ.எல்.ஆர். பெறவே முடியாமல் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு, அடுத்த உட்பிரிவான 1(4) இருக்கிறது. இங்கே பிறந்த குழந்தை முதல் பத்து ஆண்டுகளை இங்கேயே கழித்திருந்தால், அந்தப் பத்தில் எந்த ஆண்டிலும் தொண்ணூறு நாள்களுக்கு மேல் வெளியே போகாமல் இருந்திருந்தால், பெற்றோரின் விசா நிலை எதுவாக இருந்தாலும் பதிவு பெற உரிமை உண்டு. அதற்கு வயது வரம்பே இல்லை. ஆனால் பள்ளிச் சேர்க்கைக் கடிதங்கள், தடுப்பூசிக் குறிப்புகள், பாஸ்போர்ட் முத்திரைகள் என்று பத்து ஆண்டுச் சான்றுகளையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். கோடை விடுமுறையோடு திருமணம், கிரகப்பிரவேசம் என்று சேர்த்துக்கொண்டு மூன்றரை மாதம் ஊரில் இருந்துவிட்டு வருகிற பழக்கம் உள்ளவர்கள் அந்தத் தொண்ணூறு நாளைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இனி சேவைக்கு வருவோம். எங்கள் ஐ.எல்.ஆர். கிடைத்ததும் 2024 ஏப்ரலில் இணையத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கினோம். கேள்விகள் தெளிவாக இருக்கின்றன; எளிய ஆங்கிலம்; பாதியில் நிறுத்திச் சேமித்துவைத்துப் பிறகு தொடரலாம். குழந்தைக்கு ஆங்கிலத் தேர்வும் கிடையாது, லைஃப் இன் தி யூகே தேர்வும் கிடையாது, விழாவும் கிடையாது. பத்து வயது நிறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் நன்னடத்தை நிபந்தனை உண்டு. நாலே முக்கால் வயதுக்காரிக்கு அதுவும் இல்லை. நான் இரண்டு மாலைகளில் விண்ணப்பத்தை முடித்தேன். வருமான வரி கட்டும் இணையதளங்களோடு போராடிப் பழகியவன் என்ற முறையில், இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

தேவைப்பட்ட ஆவணங்களும் அதிகமில்லை. மகளின் முழுப் பிறப்புச் சான்றிதழ், எங்கள் திருமணச் சான்றிதழ், எங்கள் ஐ.எல்.ஆரைக் காட்டும் ஆவணம், அவளுடைய இந்திய பாஸ்போர்ட், குழந்தையை அறிவோம் என்று உறுதி சொல்லும் இரண்டு நடுவர்கள் (ரெஃபரீ) கையெழுத்திட்ட படிவங்கள். பிறப்புச் சான்றிதழில் இங்கே இரண்டு வகை உண்டு என்பது பலருக்கும் தாமதமாகத்தான் தெரிகிறது: குழந்தையின் விவரம் மட்டுமே உள்ள குறுஞ்சான்றிதழ் இதற்கு உதவாது, பெற்றோர் பெயர்கள் அச்சான முழுச் சான்றிதழ் வேண்டும்.

எங்களை அதிகம் சுற்றவைத்தது பெயர். தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம். என் மனைவியின் இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கிறது. மகளின் பிறப்பைப் பதியப் போனபோது, குடும்பப் பெயர் என்ன என்று பதிவாளர் கேட்டதற்கு நான் என் பெயரைச் சொன்னேன். ஆக, சான்றிதழ்படி என் பெயர் அவளுக்குக் குடும்பப் பெயர், எனக்கு என் அப்பா பெயர் குடும்பப் பெயர், மனைவிக்கு எதுவும் இல்லை. மூன்று பேர் கொண்ட குடும்பம், மூன்று விதமான பெயரமைப்பு. இதை விளக்கி அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, மற்ற ஆவணங்களோடு ஏற்றினோம். யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. அந்தக் கடிதம் இல்லாமல் போயிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்களோ என்னவோ, ஆனால் தமிழ்ப் பெயர் உள்ள எவருக்கும் அதை நான் பரிந்துரைப்பேன்.

நடுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர், குழந்தையைத் தன் தொழில் வழியாக அறிந்தவராக இருக்க வேண்டும்: ஆசிரியர், ஹெல்த் விசிட்டர் எனும் குழந்தைநலச் செவிலியர், சமூகப் பணியாளர் போன்றவர். மற்றவர் பொதுவாக பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவராகவும், தொழில்முறை வல்லுநராகவோ இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும். உறவினர்கள் கூடாது, நடுவர்கள் தங்களுக்குள்ளும் உறவினராக இருக்கக் கூடாது. மகள் படித்த ரிசப்ஷன் எனும் தொடக்க வகுப்பின் ஆசிரியை, பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த நாளே கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரண்டாவது நபருக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பத்தாண்டு காலம் இங்கே வாழ்ந்தாலும், நாம் நெருங்கிப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போலவே விசாவில் இருப்பவர்கள். பாஸ்போர்ட் வைத்திருக்கும் நெருங்கிய நண்பர் யார் என்று விரல் விட்டு எண்ணும்போது பல குடும்பங்களுக்கு விரல்கள் மிஞ்சும். எங்களுக்கு எதிர்வீட்டு அம்மையார் உதவினார். அவர் எழுபது வயதைத் தாண்டியவர், படிவத்தை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இவள் இன்னும் பிரிட்டிஷ் இல்லையா?" என்று உண்மையாகவே வியந்து கேட்டார். அவர் பிறந்த காலத்தில் இங்கே பிறப்பதே போதுமானதாக இருந்தது.

சேவையின் பலவீனமான கண்ணி அடுத்ததுதான். பணம் கட்டிய பிறகு, முகமும் விரல்ரேகையும் பதியும் பயோமெட்ரிக் பதிவுக்கு, அரசு ஒப்பந்தம் கொடுத்துள்ள தனியார் நிறுவனம் ஒன்றின் மையத்துக்குப் போக வேண்டும். கட்டணமில்லாத நேரங்கள் சில மையங்களில் மட்டும், குறைந்த எண்ணிக்கையில். கட்டண நேரங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. 1,214 பவுண்டு கட்டியவரிடம், சீக்கிரம் வர வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கட்டுங்கள் என்று திரை சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. நான்கு நாள் காலையில் எழுந்து பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்து, லண்டனின் மறுகோடியில் ஒரு கட்டணமில்லா நேரத்தைப் பிடித்தேன். ஆவணங்களை ஏற்றும் தளமும் பொறுமையைச் சோதித்தது: ஒவ்வொன்றையும் ஒரு வகையின் கீழ் போட வேண்டும், அந்த வகைகளோ எல்லா விதமான விசா விண்ணப்பங்களுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. நடுவர் படிவம் எந்த வகை என்று கண்டுபிடிப்பதற்குள் பிறப்புச் சான்றிதழை இரண்டு முறை ஏற்றிவிட்டேன்.

மையத்தில் காரியம் பத்து நிமிடம்தான். ஐந்து வயது நிறையாத குழந்தைகளிடம் விரல்ரேகை எடுப்பதில்லை, முகப்படம் மட்டும் போதும். மகளுக்கு ஐந்து நிறைய மூன்று வாரம் இருந்தது. சிரிக்காமல் நேராகப் பார்க்கச் சொன்னார்கள். சிரிக்காதே என்று சொன்னால் சிரிக்காமல் இருக்கும் குழந்தை உலகத்தில் எங்கே இருக்கிறது? ஏழாவது படம் தேறியது. படம் எடுத்த ஊழியர் கடைசிவரை முகம் சுளிக்கவில்லை என்பதையும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும்.

பிறகு காத்திருப்பு. முடிவுக்கு ஆறு மாதம் வரை ஆகலாம் என்பதுதான் அரசு தரும் பொதுவான கெடு. எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. இந்தக் காலத்தில் எதுவும் தெரியாது. பார்சல் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பதை மணிக்கொருமுறை சொல்லும் காலத்தில், ஒரு குழந்தையின் குடியுரிமைக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதற்குச் சிறு அடையாளமும் இல்லை. இதைவிட முக்கியமானது, விண்ணப்பித்திருப்பது குழந்தையின் விசாவை நீட்டிக்காது என்பது. மகளின் சார்பு விசா இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருந்ததால் எங்களுக்குக் கவலை இல்லை. விசா முடியும் தறுவாயில் விண்ணப்பிப்பவர்கள், முக்கியமாக நடுவில் ஊருக்குப் போய்வர நினைப்பவர்கள், தகுதி பெற்ற ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தகுதி பெற்ற என்று அழுத்திச் சொல்கிறேன். இந்த நாட்டில் குடியேற்ற ஆலோசனை சொல்வதற்கு முறையான அங்கீகாரம் வேண்டும். இல்லாமல் சொல்வது குற்றம்.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் மகன் பிறந்தான். நாங்கள் அப்போது ஐ.எல்.ஆர். பெற்றவர்கள் என்பதால், அவன் பிறப்பாலேயே குடிமகன். பிறப்புப் பதிவு முடிந்ததும் 57.50 பவுண்டு கட்டி நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். அக்காவின் கோப்பு எங்கோ வரிசையில் நிற்கும்போதே தம்பியின் பாஸ்போர்ட் தபாலில் வந்து சேர்ந்தது. "அவன் குட்டிப் பையன், அவனுக்கு எதுக்கு முதல்ல?" என்று மகள் கேட்டதற்கு, சட்டத்தின் முதலாம் பிரிவை விளக்க நான் முயலவில்லை.

கட்டணத்தைப் பற்றி என் கருத்து கடுமையானது. நான் கட்டிய 1,214 பவுண்டு 2023 அக்டோபரில் நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன் 1,012 பவுண்டு. அந்த 1,012 பவுண்டுக் காலத்தில் நடந்த வழக்கொன்றில், ஒரு குழந்தையின் விண்ணப்பத்தைக் கையாள அரசுக்கு ஆகும் செலவு 372 பவுண்டுதான் என்பது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. குழந்தைகளைப் பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிவு செய்வதற்காகவே இயங்கும் ஒரு தொண்டு அமைப்பும் சில குழந்தைகளும் தொடுத்த வழக்கு அது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், குழந்தைகளின் நலனை ஆராயாமலே இந்தக் கட்டணத்தை நிர்ணயித்தது சட்டத்துக்குப் புறம்பானது என்றன. ஆனால் இவ்வளவு உயர்ந்த கட்டணம் விதிக்கும் அதிகாரமே அரசுக்கு இல்லை என்ற வாதத்தை, 2022 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஜூனில் அரசு ஒரு விலக்கைக் கொண்டுவந்தது: கட்டணம் கட்ட வசதியில்லாத குடும்பத்துக் குழந்தைகள் கட்டண விலக்குக் கேட்கலாம், உள்ளாட்சியின் பராமரிப்பில் உள்ள குழந்தைகள் கட்டவே வேண்டாம்.

ஆகவே வருமானம் குறைந்த குடும்பங்கள் பணத்தை நினைத்துத் தள்ளிப்போடாமல் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். வாடகை, வரவு செலவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டியிருக்கும் என்றாலும் அது முயன்று பார்க்கத் தக்கது. விலக்குக்குத் தகுதி இல்லாத, ஆனால் ஒரே மாதத்தில் இவ்வளவு பணத்தைப் புரட்டவும் முடியாத நடுத்தரக் குடும்பங்கள்தான் இடையில் மாட்டிக்கொள்கின்றன. இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு முறை முழுக் கட்டணம். அண்ணன் தம்பிக்குச் சலுகை என்பதெல்லாம் இங்கே கிடையாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்பி வராது. முறையான மேல்முறையீட்டு உரிமையும் இல்லை, மறுபரிசீலனை கேட்கலாம் அல்லது நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டம் உரிமை என்று அறிவித்த ஒன்றைக் கையாளும் செலவைவிட மிக அதிக விலைக்கு விற்பதை, எத்தனை நேர்த்தியான இணையப் பக்கத்தில் செய்தாலும், நல்ல சேவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே பதிவு முறையில், 1983க்கு முன் பிரிட்டிஷ் தாய்க்கு வெளிநாட்டில் பிறந்ததால் மட்டுமே குடியுரிமை கிடைக்காமல் போனவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. அது பழைய அநீதிக்குப் பரிகாரம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். சரியானது. குழந்தைகளுக்கும் அந்தப் பெருந்தன்மையில் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்.

செப்டம்பரில் தபாலில் சான்றிதழ் வந்தது. ஒரே ஒரு தாள்; குழந்தையின் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், எந்தப் பிரிவின் கீழ் பதிவு என்ற விவரம், தேதி. அந்தத் தேதியிலிருந்துதான் அவள் குடிமகள். பிறந்த நாளிலிருந்து அல்ல. ஆனாலும் 1(3)இன் கீழ் பதிவானவர்களுக்கு ஒரு நன்மை உண்டு, இதை எந்த ஆலோசகரும் எங்களுக்குச் சொல்லவில்லை: சட்டத்தின் மொழியில் அவள் 'வம்சாவளியால் குடிமகள்' என்ற வகையில் வர மாட்டாள். அதனால் நாளை அவள் எந்த நாட்டில் இருந்து குழந்தை பெற்றாலும் அந்தக் குழந்தை பிறப்பால் பிரிட்டிஷ் குடியுரிமை பெறும். பதிவில் எல்லாப் பிரிவுகளுக்கும் இப்படி அல்ல. வெளிநாட்டில் பிறந்து மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் பதிவாகும் குழந்தைகள் அந்த உரிமையை அடுத்த தலைமுறைக்குத் தானாகக் கடத்த முடியாது.

இந்தியர்களுக்கு இதன் மறுபக்கமும் உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இலங்கைக் குடும்பங்களுக்கு, முறைப்படி விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை வைத்துக்கொள்ளும் வழியாவது இருக்கிறது. எங்களுக்கு அது இல்லை. மகள் பிரிட்டிஷ் ஆனதும் அவளுடைய இந்திய பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தக் கூடாது. அதை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான சான்றிதழ் பெற்று, அதற்குப் பிறகு ஓ.சி.ஐ. எனும் வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் இருக்கும் தாத்தா பாட்டியைப் பார்க்க ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் போய்வரலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. நாங்கள் இருவரும் இன்னும் இந்தியர்கள், பிள்ளைகள் இருவரும் பிரிட்டிஷ். ஒரே வீட்டில் இரண்டு நாடுகள் என்பதை என் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, லீவுக்கு வருவாள்ல?" என்று மட்டும் கேட்டார். இந்த முடிவைக் கட்டணக் கணக்கோடு மட்டும் எடுக்கக் கூடாது. எடுப்பதற்கு முன் வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும்.

பயணத் திட்டத்தையும் இதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் வந்ததற்கும் மகளின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்ததற்கும் இடையில் ஒரு மாதம் போனது. பிறகு இந்தியப் பாஸ்போர்ட் ஒப்படைப்பு, பிறகு ஓ.சி.ஐ. அந்த ஆண்டு தீபாவளிக்குப் போக முடியவில்லை, பொங்கலுக்குத்தான் போனோம். குழந்தையின் பெயர் இந்திய பாஸ்போர்ட்டிலும் பிரிட்டிஷ் விண்ணப்பத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது பாஸ்போர்ட் கட்டத்தில் எங்களைக் காப்பாற்றியது. இரண்டு நாட்டு ஆவணங்களிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்பதில் இங்கே பாஸ்போர்ட் அலுவலகம் கண்டிப்பாக இருக்கிறது. தலைப்பெழுத்தை விரித்து எழுதிய ஆவணம் ஒன்று, விரிக்காமல் எழுதியது ஒன்று என்று வைத்திருப்பவர்கள் முன்னதாகவே சரிசெய்துகொள்ள வேண்டும்.

மதிப்பெண் கேட்டால், விண்ணப்பப் படிவத்துக்கு ஐந்துக்கு ஐந்து, பயோமெட்ரிக் ஏற்பாட்டுக்கு இரண்டு, காத்திருக்கும் காலத்துத் தகவல் தொடர்புக்கு ஒன்று. விலைக்கு மதிப்பெண் போட மறுக்கிறேன். வேறு கடையில் வாங்க முடியாத பொருளுக்கு விலை மதிப்பெண் எதற்கு? இங்கே பிறந்த குழந்தை உள்ளவர்கள், தங்களில் ஒருவருக்கு ஐ.எல்.ஆர். வந்த அன்றே, குழந்தைக்கும் அதை வாங்குவதற்கு முன், 1(3) தங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட வேண்டும் என்பதே என் பரிந்துரை. வழக்கறிஞர் இல்லாமலே இதைச் செய்யலாம், நாங்கள் செய்தோம்.

இன்னொன்று. சான்றிதழ் வந்த செய்தி கேட்டதும் ஊரிலிருந்து அப்பா முதலில் சொன்னது, "அதை உடனே லேமினேஷன் போட்டு வை" என்பதுதான். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து வீட்டுப் பத்திரம் வரை அவர் லேமினேஷன் போடாத தாள் கிடையாது. போடாதீர்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அந்தச் சான்றிதழின் அசலை அனுப்ப வேண்டும். லேமினேஷன் போட்ட சான்றிதழை இங்கே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.